குடவோலை ஊரில் ஒரு துப்பாக்கி ஆசை

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடித்து ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும். ஆபீஸ், மானேஜர், மாசக் கடைசி எல்லாம் பாலாற்றுப் பாலத்தோடு பின்னால் போய்விடும். அப்புறம் ஏரி, வயல், மறுபடி ஏரி. இந்தச் சீமையை ஏரிகளின் மாவட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்? உத்திரமேரூர் ஏரிக்கே 'வைரமேக தடாகம்' என்று பல்லவர் காலத்துப் பெயர் உண்டு. பெயரைக் கேட்டாலே மழை பெய்கிற மாதிரி இல்லை?

ஊருக்குள் சுந்தரவரதப் பெருமாள் கோயில். மூன்று தளம். கீழே பெருமாள் நிற்கிறார், நடுத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார், மேல்தளத்தில் படுத்திருக்கிறார். காலையில் நின்று, மத்தியானம் உட்கார்ந்து, சாயந்திரம் சாய்கிற நம் ஆபீஸ் வாழ்க்கையை அப்போதே கண்டுபிடித்து விட்டார்கள்!

ஆனால் இந்த முறை நான் போனது கோயிலுக்காக இல்லை. ஒரு துப்பாக்கி விஷயமாக.

பயப்படாதீர்கள். விஷயம் இதுதான். உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் சித்தப்பாவின் கிராமம். அவர் பையன், என் தம்பி முறை, ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். வயது 26. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால் இவன் சென்னைக்கு பஸ் ஏறி, ரைஃபிள் கிளப்பில் ஏர் பிஸ்டலைத் தூக்குகிறான். இரண்டு வருஷமாக இதே பைத்தியம். இப்போது பைத்தியம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. ".22 பிஸ்டல் வாங்கணும். வெளிநாட்டு பிஸ்டல். ஆனா விலை கம்மியா!"

சித்தப்பா என்னிடம், "ஏம்ப்பா, நீதான் நாலு எழுத்து படிச்சவன். வந்து அவனாண்ட இன்னா ஏதுன்னு கேளேன். இன்னொருத்தன் வேற பேப்பர் இல்லாம வாங்கித் தர்றேன்னு சுத்திக்கினு கீறான்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை பஸ் ஏற வைத்தது.

கால் பவுன் ஈயம்

திண்ணையில் உட்கார்ந்து தம்பி எனக்குப் பாடம் நடத்தினான்.

"அண்ணா, .22 தோட்டான்னா சின்னது. அடியில காசு மாதிரி ஒரு ஓரம் இருக்கும். பத்திக்கிற மருந்து அந்த ஓரத்துக்குள்ளயே இருக்கும். ஊசி ஓரத்துல தட்டினாப் போதும், வெடிக்கும். அதான் ரிம்ஃபயர்."

1887-லிருந்து உலகம் பூராவும் ஓடுகிற தோட்டா இது. நுனியில் இருக்கும் ஈயம் சுமார் இரண்டரை கிராம். நம் கணக்கில் கால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. சத்தம் கம்மி, உதைப்பு கம்மி, விலையும் மற்ற தோட்டாக்களைவிடக் கம்மி. அதனால்தான் விளையாட்டுக்கு இது. விளையாட்டு என்றாலும் பொம்மை இல்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூடப் போய் விழும். சித்தப்பா வீட்டிலிருந்து அடுத்த ஊர் எல்லை வரைக்கும்!

போட்டியில் பிஸ்டலை ஒரே கையில்தான் பிடிக்க வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் அட்டை. துல்லியப் போட்டியில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். பிஸ்டல் எடை 1,400 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ட்ரிக்கர் ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் விழக்கூடாது. காய்கறிக் கடைத் தராசு மாதிரி போட்டிக்கு முன்னால் எடை போட்டே பார்ப்பார்களாம்.

"எந்த பிஸ்டல்டா உனக்கு வேணும்?"

"இத்தாலி பார்டினி, ஜெர்மன் வால்தர் எல்லாம் ராஜா மாதிரிண்ணா. ஆனா இரண்டாயிரம் யூரோவைத் தொடும். ரஷ்யாவுல இஷெவ்ஸ்க்னு ஒரு ஊர். அங்க செஞ்ச ஐ.இசட்.ஹெச். 35-ன்னு ஒண்ணு இருக்கு. ஏழைகளோட பார்டினி!"

அவன் சொன்னதில் உண்மை உண்டு. பார்க்க முரட்டுத்தனமாக, கைக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளும் மரப்பிடியோடு இருக்கிற இந்த ரஷ்ய பிஸ்டல், ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே சில நூறு டாலருக்குக் கிடைத்தது. காசில்லாத போட்டியாளர்கள் அதை வைத்துப் பெரிய ஆட்களோடு மோதினார்கள். 2014-ல் அமெரிக்கத் தடை வந்ததும் அந்த வழி அங்கே அடைபட்டது.

ரஷ்யர்களின் பழைய குறிபார்க்கும் பிஸ்டல் ஒன்றின் கதை இன்னும் பிரமாதம். மார்கோலின் என்று பெயர். அதை உருவாக்கிய மிகயீல் மார்கோலினுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. இளம் வயதில் சண்டையில் பார்வை போனவர். களிமண் மாதிரியான பொருளில் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் பிடித்துப் பிடித்து உருவம் செய்து காட்டி, பிஸ்டலையே வடிவமைத்து விட்டார். 1950-களில் சோவியத் வீரர்கள் அதை உலகப் போட்டிகளுக்கு எடுத்துப் போனார்கள். கண் இல்லாதவர் செய்த கருவியில் கண் உள்ளவர்கள் குறி பார்த்தார்கள்!

"கேட்டியாப்பா? கண்ணு தெரியாதவரு செஞ்சாராம். இவனுக்குக் கண்ணு இருந்தும் தரகன் மூஞ்சி தெரியல" என்றார் சித்தப்பா, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே.

தாத்தாவின் துப்பாக்கி

சித்தப்பா பேசுவதற்கு உரிமை உண்டு. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருக்கிறது. தாத்தா காலத்து ஒற்றைக் குழல். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். வேர்க்கடலை போட்டால் காட்டுப் பன்றி வரும், சத்தம் காட்டி விரட்ட வேண்டும். 1972-ல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சத்தத்தோடு சரி. இப்போது அந்தச் சத்தமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜையன்று எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் சொருகுவார். தம்பி 25 மீட்டரில் அடிக்க ஆசைப்படுகிற எலுமிச்சம்பழம் அவருக்குக் குழல் மேலேயே கிடைத்து விடுகிறது!

எலெக்‌ஷன் வந்தால் அந்தத் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடும். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

"எம்.எல்.ஏ., எம்.பி., பஞ்சாயத்துன்னு எத்தினி தபா தூக்கினு போயிருப்பேன்! ஓட்டுப் போட்ட மையாவது ஒரு மாசத்துல அழிஞ்சிடுது. இதுக்கு ரசீதைத் தேடுறதுக்குள்ள அடுத்த எலெக்‌ஷன் வந்துடுது."

அதில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்தல் எப்படி நடத்த வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்த ஊரே இதுதான்.

சுவரில் ஒரு விண்ணப்பப் படிவம்

மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் தம்பியை பைக்கில் கூட்டிக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கம்தான். மண்டபச் சுவர் நிறைய எழுத்து. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தேறியவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருப்போம். நான் தம்பிக்குக் காட்டியது வேறு. குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்கிற பட்டியல்.

வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம். வேலி என்றால் ஆறரை ஏக்கருக்கு மேல், அதில் கால் பங்கு. சொந்த மனையில் கட்டிய வீடு. படிப்பு. கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. திருடியவன் கூடாது. முக்கியமாக, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவன் மட்டுமா? சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மாமனார் என்று அவனுடைய சொந்தக்காரப் பட்டாளமே கூடாது!

எல்லாரும் சமம் என்று நினைத்து எழுதிய பட்டியல் இல்லை இது. அந்தணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். ஆண்களுக்கு மட்டும்தான் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் ஓலை இல்லை. அந்தக் குறையையும் சேர்த்தேதான் கல்லைப் படிக்க வேண்டும். ஆனால் 'ஒருவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கும் முன் அவன் யார் என்று விசாரி' என்கிற யோசனை அங்கே அழுத்தமாக நிற்கிறது.

பையன் எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்! கைக்குள் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிடக் கூடாதே!

தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். நான் கேட்டேன்.

"துப்பாக்கி லைசென்ஸுக்கு என்னடா கேக்குறாங்க?"

அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சுவரையே திரும்பப் படிக்கிற மாதிரி இருந்தது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ஆம் வருஷத்து விதிகள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். அடையாளம், முகவரி. போலீஸ் விசாரணை. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று ஐந்து வருஷம் ஆகாதவனுக்குக் கிடையாது. மனநலம் சரியில்லாதவருக்குக் கிடையாது. டாக்டர் சர்ட்டிபிகேட். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று. வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைக்கப் போகிறாய் என்று உறுதிமொழி. எல்லாம் தேறினால், நாடு முழுவதற்குமான கணக்கில் உனக்கென்று ஒரு தனி எண். தோட்டா வாங்கினால் அதற்கும் கணக்கு.

"கணக்குக் காட்டாதவன் கூடாதுன்னு அங்கயும் போட்டிருக்கான், இங்கயும் போட்டிருக்கான்" என்றான் தம்பி.

முட்டையா, கோழியா?

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். கடைக்குப் போய் ரஷ்ய பிஸ்டல் ஒன்று கொடுங்கள் என்றால் கொடுத்து விடுவார்களா? மாட்டார்கள். 1980-களின் நடுவிலேயே சாதாரண ஆட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை இந்தியா நிறுத்தி விட்டது. அதற்கு முன்னால் வந்த பழைய சரக்குதான் கை மாறிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டில் சல்லிசாகப் போன சாமான், இங்கே பழசாகப் பழசாகத் தங்கம் மாதிரி விலை ஏறுகிறது. ஆக 'விலை குறைந்த வெளிநாட்டு பிஸ்டல்' என்பது இங்கே பகல் நிலா மாதிரி. இருக்கும், வெளிச்சம் தராது.

ஒரு வாசல் திறந்திருக்கிறது. விளையாட்டு வாசல். தேசியப் போட்டியில் குறிப்பிட்ட மார்க் எடுத்து, 'ரினவுண்ட் ஷாட்' என்கிற தகுதி பெற்ற வீரர்கள், தேசிய ரைஃபிள் சங்கம் மூலமாகச் சுங்க வரிச் சலுகையோடு இறக்குமதி செய்து கொள்ளலாம்.

அதாவது, பிஸ்டல் வாங்க மார்க் வேண்டும். மார்க் வாங்க பிஸ்டல் வேண்டும். முட்டை முதலா, கோழி முதலா?

இந்த இடுக்கில்தான் தரகன் நுழைகிறான். "வடக்கேருந்து வருது தம்பி. ரஷ்யா சரக்கு. எண்பதாயிரம் குடு. பேப்பர் பின்னாலயே வரும்" என்றிருக்கிறான். பேப்பர் வராது. போலீஸ்தான் வரும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வருஷக்கணக்கில் ஜெயில். கடத்தி வந்த சரக்கு என்று ஆகிவிட்டால் தண்டனை இன்னும் கடுமை. அப்புறம் அந்த பிஸ்டலை எந்தப் போட்டியில் காட்ட முடியும்? கிளப் வாசலில் நம்பர் கேட்பார்களே! எண்பதாயிரம் கொடுத்து வாங்கி, பீரோவில் பூட்டி வைத்து, கதவு தட்டினால் திடுக்கிட வேண்டியதுதான். ஒரு போட்டியும் இல்லை, ஒரு மார்க்கும் இல்லை.

எண்பதாயிரம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். தம்பி தரையைப் பார்த்தான்.

"மேல் மாடி தளம் போட அப்பா வெச்சிருக்கிற பணம்ணா. பாதி நான் சம்பாதிச்சதுதான்..."

அவன் திருட்டுப் பையன் இல்லை. வரிசையில் நின்று நின்று கால் கடுத்துப் போனவன். நம்மில் பலருக்கு அந்தக் கடுப்பு தெரியும். ரேஷன் கார்டிலிருந்து பிரமோஷன் வரைக்கும் நின்றிருக்கிறோமே!

கோழிக்கு வழி

கிளப்பின் சொந்தத் துப்பாக்கியில் பழகலாம் என்பதுதான் முட்டை-கோழிக்குப் பதில். சட்டமே விளையாட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துப் பழக .22 ரைஃபிள் கேட்டால், அதற்குத் தனி இடம் 1959 சட்டத்திலேயே உண்டு. பிஸ்டலுக்கு அந்தத் தாராளம் இல்லை. சட்டைப் பைக்குள் போகிற சாமான் ஆயிற்றே!

ஏர் பிஸ்டல் கதை வேறு. 4.5 மில்லிமீட்டர் ரவை, 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி என்றால் லைசென்ஸே வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி, கடை ரிஜிஸ்டரில் பதிந்து வாங்கிக் கொள்ளலாம். 10 மீட்டரில் பத்து மார்க் வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு பட்டாணி! எலுமிச்சம்பழத்தைவிட இதுதான் கடினம் என்று தோன்றவில்லை?

மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வாங்கிய இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில்தான். அதற்கு முந்தைய டோக்கியோவில், 2021-ல், போட்டி நடுவிலேயே அவருடைய பிஸ்டல் பழுதாகி நிமிஷக் கணக்கில் நேரம் போனது. விலை உயர்ந்த வெளிநாட்டு பிஸ்டல்தான் அதுவும்! நம் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் ஒலிம்பிக் வரை போனவர். சினிமாவை விட்டு வந்து வரிசையில் நின்ற நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கினார்.

இதையெல்லாம் நான் தம்பியிடம் சொன்னது வேடந்தாங்கல் ஏரிக்கரையில். உத்திரமேரூருக்குப் பக்கம்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். மரமே தெரியாமல் நாரை, கூழைக்கடா, கொக்கு. அந்தச் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

அந்த ஏரிக்கும் ஒரு துப்பாக்கிக் கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கி வந்தார்கள். ஆயுதம் எதிராளி கையில், இவர்கள் கையில் ஒரு காகிதம். ஜெயித்தது காகிதம். இன்றைக்கும் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. கையை நீட்டி, கட்டை விரலை உயர்த்தி, தூரத்து மரத்தின் ஒரு கிளையைக் குறி பார்த்தான். கை ஆடவில்லை. மூச்சு நின்றது, வந்தது. சுட ஒன்றும் இல்லை, ஆனால் அவன் முகத்தில் ஒரு அமைதி. ரவை போடாமல் ஆயிரம் தடவை ட்ரிக்கரை அழுத்திப் பழகுவதுதான் இந்த விளையாட்டில் பாதி என்று அவனே சொல்லியிருந்தான்.

"பேப்பர் முன்னாடி வரணும்ணா. சரக்கு பின்னாடி வரட்டும்" என்றான் கடைசியில்.

அன்று ராத்திரி தரகனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான். மேல் மாடித் தளம் பிழைத்தது. தம்பிக்கு இன்னும் .22 வரவில்லை. தேசியப் போட்டியின் மார்க்குக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. போன மாதம் கிளப்பில் எடுத்த ஸ்கோர் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பட்டாணிக்குள் நாலு ஓட்டை. சித்தப்பா அதை ஃபிரேம் போட்டு, தாத்தா துப்பாக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு உண்டு.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால் தப்பில்லை. நல்ல விளையாட்டு. கோபக்காரனைக்கூட நிதானமாக்கும். ஆனால் கடைக்கோ தரகனிடமோ போவதற்கு முன்னால் ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போங்கள். அதற்கும் முன்னால் ஒரு லீவு நாளில் உத்திரமேரூர் போய், அந்த மண்டபச் சுவரைப் பாருங்கள். ஐந்து விரலையும் ஒரு தடவை விரித்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

செலவு பஸ் சார்ஜ்தான். லைசென்ஸ் வேண்டாம்!